சிவந்த நான்கு பொத்தான்கள்

அத்தியாயம் 4

திருடனைப் பிடிக்க எங்களுக்கு இருந்தது இரண்டு மணி நேரம் இருபது நிமிடம். அதில் கால் மணி நேரத்தை நான் மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டே தீர்த்துவிட்டேன். பின்னால் மேனுகா சொல்லி நீங்கள் தெரிந்துகொள்வதற்குள் நானே ஒப்புக்கொண்டுவிடுகிறேன்.

என் பெயர் செல்லக்கண்ணு. இருபத்திரண்டு வருடம் டாக்சி ஓட்டினேன். வலது முட்டி மக்கர் செய்ய ஆரம்பித்ததும் வண்டியை விட்டுவிட்டு மேனுகாவிடம் சேர்ந்தேன். மேனுகா என்னைவிடப் பதினாறு வயது சின்னவள், எனக்குச் சம்பளம் கொடுப்பவள். முன்பு காப்புறுதி நிறுவனத்தில், எரியாத கடை எரிந்துவிட்டது என்று பணம் கேட்டு வருபவர்களின் முகத்தைப் பார்த்தே ஆளைக் கண்டுபிடிக்கும் வேலையில் இருந்தாள். இப்போது சிங்கப்பூர் ஜாலான் புசார் வட்டாரத்தில், திருகாணி விற்கும் கடைக்கு மேல்மாடியில் துப்பறியும் அலுவலகம் வைத்திருக்கிறாள். மின்தூக்கி கிடையாது. என் முட்டியைப் பற்றித் தெரிந்தும் அந்த இடத்தைத்தான் வாடகைக்கு எடுத்தாள்.

அன்று பகல் இரண்டு நாற்பதுக்கு உம்மு சல்மா படியேறி வந்தார். ஐம்பது வயது, சுறுசுறுப்பான பெண்மணி. கடைகளுக்கும் தொழிற்சாலைகளுக்கும் அலாரம் பொருத்தும் சின்ன நிறுவனத்தின் முதலாளி. அவருக்குப் பின்னால் தலை குனிந்தபடி ஒருவர் வந்தார். நாற்பது வயது இருக்கும். கையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட்.

"இது உமைர். எங்க டெக்னீஷியன். பதினாலு வருஷமா எங்கிட்ட இருக்கார்" என்றார் சல்மா. "சாயந்திரம் அஞ்சு மணிக்கு இவர் மேல போலீஸ்ல எழுதிக் கொடுக்கப் போறாங்க. திருடிட்டார்னு."

நான் மீ கோரெங்கை மூடி வைக்கவில்லை. இன்னும் பாதி மிச்சமிருந்தது.

"முதல்ல இருந்து சொல்லுங்க அக்கா" என்றாள் மேனுகா.

"லிட்டில் இந்தியாவில சேதுபதி நகைக்கடை. அலாரம் நாங்க போட்டதுதான். முந்தாநாள் கடையில ஆயுத பூஜை. நேத்து காலையில பெட்டகத்தைப் பார்த்தா ஒரு வைர அட்டிகையைக் காணோம். அதோட பெட்டி இருக்கு, உள்ள காலி. இருபது வருஷப் பழக்கத்துக்காக இன்னிக்கு அஞ்சு மணி வரைக்கும் டைம் கொடுத்திருக்கார் முதலாளி. அதுக்குள்ள உமைர் திருப்பிக் கொடுத்துடணுமாம்."

"ஏன் உமைர்?"

சல்மா கைப்பையிலிருந்து ஒரு தாளை எடுத்து நீட்டினார். அலாரப் பெட்டி தனக்கு நேர்ந்ததையெல்லாம் நேரம் குறித்து வைக்குமாம். அந்தக் குறிப்பின் அச்சுப்படி அது. முந்தாநாள் காலை பதினொன்று ஐந்துக்கு ஃபால்ட், பேட்டரி பலவீனம். பதினொன்று இருபதுக்கு இன்ஜினியர் எண் போட்டுப் பெட்டி திறக்கப்பட்டது, இருபது நிமிடத்தில் மூடப்பட்டது. பிறகு சாயந்திரம் ஏழு இருபத்தொன்பதுக்கு டேம்பர், பெட்டியின் மூடி. ஏழு முப்பத்தொன்றுக்கு மூடி மூடப்பட்டு ரீசெட், இன்ஜினியர் எண். ஒன்பது ஐந்துக்குக் கடை எண் போட்டு அலாரத்தை இயக்கிவிட்டுப் பூட்டிப் போயிருக்கிறார்கள். அதற்கப்புறம் காலையில் நிறுத்தியது, இரவில் போட்டது தவிர எதுவும் இல்லை.

"ஃபால்ட், டேம்பர். ரெண்டும் ஒண்ணுதானே லா?" என்றேன்.

உமைர் முதல் முறையாகத் தலையை நிமிர்த்தினார். "இல்லண்ணே. ஃபால்ட்னா மிஷினுக்கே உடம்பு சரியில்ல. பேட்டரி போச்சு, கரண்ட் போச்சு, அந்த மாதிரி. டேம்பர்னா வெளியாள் யாரோ அதுமேல கை வச்சுட்டாங்க. மூடியத் திறந்தாங்க, இல்ல வயரை அறுத்தாங்க."

"அப்போ என் முட்டி ஃபால்ட். யாராவது என் சட்டைப் பையில கை விட்டா டேம்பர்."

"கரெக்ட்டுண்ணே. கீபேட்ல ரெண்டுக்கும் ஒரே மஞ்ச விளக்குதான் எரியும், அதுலதான் எல்லாரும் குழம்புறாங்க. ஃபால்ட்டை சரி பண்ணதும் கடைக்காரங்களே ரீசெட் பண்ணிக்கலாம். டேம்பரை முடியாது. இன்ஜினியர் நம்பர் அடிக்கிற வரைக்கும் பீப் அடிச்சுக்கிட்டே இருக்கும். அலாரத்தைப் போட்டுட்டுக் கடையப் பூட்டவும் விடாது."

"அந்த நம்பர் யார் யாருக்குத் தெரியும்?" என்று கேட்டாள் மேனுகா.

"எனக்கும் இவருக்கும்தான்" என்றார் சல்மா. "நான் அந்த நேரத்துல பூன் லேயில ஒரு ஃபேக்டரில இருந்தேன். பத்துப் பேர் பார்த்தாங்க."

"நீங்க உமைர்?"

"உட்லண்ட்ஸ் எல்லையில மேடம். வீடு அந்தப் பக்கம், மலேசியா ஜோகூர்ல. பைக் லைன்ல நின்னேன். பாஸ்போர்ட்ல சேப் அடிக்கும்போது மணி ஒம்பது பத்து. அவ்வளவு ஜாம். தனியாத்தான் நின்னேன், யாரும் பார்க்கல."

உட்லண்ட்ஸ் நெரிசல் இந்த ஊரில் பச்சைக் குழந்தைக்குக்கூடத் தெரியும். ஆனால் நெரிசல் வந்து சாட்சி சொல்லாதே. ஏழரைக்கு லிட்டில் இந்தியாவில் அட்டிகையைச் சுருட்டிக்கொண்டு கிளம்பினாலும் ஒன்பது பத்துக்கு உட்லண்ட்ஸ் போய்விடலாம். இதை அந்த ஆளிடம் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"கேஸ்னு ஒண்ணு வந்தா முடியிற வரைக்கும் எனக்கு இங்க வேலை இல்ல" என்றார் உமைர். "முடிஞ்ச பிறகும் அலார வேலைக்கு என்னை எவன் மேடம் எடுப்பான்? ஒரு கடைக்குள்ள நம்மள விடறதே நம்பித்தானே. அது போச்சுன்னா எனக்கு வேற ஒண்ணும் தெரியாது."

மேனுகா எழுந்து கைப்பையை மாட்டிக்கொண்டாள். அவள் ஆறுதல் சொல்லும் விதமே அதுதான்.

*

நடக்கிற தூரம்தான் என்றாள். அவளுக்கு நடக்கிற தூரம். எனக்கு நொண்டுகிற தூரம். செராங்கூன் சாலையில் தீபாவளி விளக்குகள் பகலிலேயே தொங்கிக்கொண்டிருந்தன, எல்லாக் கடைகளிலும் முறுக்கு வாசனை. சல்மாவும் உமைரும் பின்னால் வந்தார்கள்.

"காலையில பதினொண்ணு இருபதுக்கு என்ன பண்ணீங்க?" என்று திரும்பிப் பார்க்காமலேயே கேட்டாள் மேனுகா.

"பேட்டரி மாத்தினேன் மேடம். பழசு பெரிசு, செங்கல் மாதிரி இருக்கும். இப்போ வர்ற மாடல் அதுல பாதிதான்."

"பெட்டிக்குள்ள இருட்டா இருக்குமே, தனியாவா மாத்தினீங்க?"

"ராஜீவ் சார் டார்ச் பிடிச்சார். கடை மேனேஜர். ரொம்ப நல்ல மனுஷர் மேடம், டீயும் வாங்கிக் கொடுத்தார். நேத்து முதலாளி என்னைத் திட்டினப்போ கூட அவர் ஒருத்தர்தான் ஒண்ணும் சொல்லல."

மேனுகா நடையை எட்டிப் போட்டாள். அவள் வேகமாக நடந்தால் யாருக்கோ கெட்ட நேரம் என்று அர்த்தம்.

நகைக்கடை முதலாளி சேதுபதி கடைக்குள் விட மாட்டார் என்பதால் உமைரை எதிர்ப்பக்கத்துக் காப்பிக் கடையில் உட்கார வைத்தோம். மணி மூன்று ஐம்பது.

கடை குளுகுளுவென்று இருந்தது. இன்னும் பூஜை வாசனை போகவில்லை. தராசு, கல்லாப்பெட்டி, கணினி, பில் இயந்திரம், குளிர்சாதனம் என்று ஒன்று விடாமல் சந்தனம் வைத்து அதன்மேல் குங்குமப் பொட்டு. தண்ணீர் சுட வைக்கும் கெண்டிக்குக்கூட ஒன்று வைத்திருந்தார்கள்.

சேதுபதிக்கு அறுபது வயது. வெள்ளைச் சட்டை, சிடுசிடுத்த முகம். "சல்மா கேட்டதுக்காகத்தான் உங்களை உள்ள விட்டேன். அஞ்சு மணிக்கு மேல நான் யார் பேச்சையும் கேக்க மாட்டேன்" என்றார்.

"அதுக்குள்ள முடிச்சுடலாம் சார்" என்றாள் மேனுகா. "அட்டிகை எப்போ கடைசியா பெட்டகத்துல இருந்துச்சு?"

பதில் விற்பனைப் பகுதியிலிருந்து வந்தது. யாமினி என்ற பெண். சரக்கு விவரமெல்லாம் அவள் பொறுப்பு. "ஆறரைக்கு நான்தான் பார்த்தேன் மேம். பூஜை முடியிற வரைக்கும் பெட்டகம் திறந்துதான் இருந்துச்சு, அதுக்கும் பொட்டு வைக்கணும்ல. எல்லாரும் முன்னாடி கூடிட்டோம். ஏழரைக்கு தீபாராதனை. ராத்திரி பூட்டும்போது நான் பெட்டிகளைத்தான் எண்ணினேன், திறந்து பார்க்கல."

"கேமரா?"

யாமினி முதலாளியைப் பார்த்தாள். முதலாளி கூரையைப் பார்த்தார்.

"கேமரா மிஷினையும் பூஜையில வச்சுட்டோம்" என்றார் சேதுபதி. "பூஜையில வச்ச கருவிக்கு மறுநாள் வரைக்கும் ஓய்வு கொடுக்கணும். வருஷா வருஷம் அப்படித்தான். மாலை போட்டு ஆஃப் பண்ணிட்டோம்."

நான் இருமலை வரவழைத்துச் சிரிப்பை மறைத்தேன். ஊரில் உள்ள திருடர்களெல்லாம் நாள்காட்டியைப் பார்க்க ஆரம்பித்தால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன்.

"அலாரத்துக்கு மட்டும் ஓய்வு இல்லையா சார்?" என்று கேட்டேன்.

"அதை நிறுத்தினா காப்புறுதிக்காரன் விட மாட்டான்."

"உங்க கணக்குப்படி உமைர் எப்படி உள்ள வந்தார்?" என்றாள் மேனுகா.

"பின்சந்து கதவு வழியா. பூ, பழம் கொண்டு வர்றதுக்காக அன்னிக்குத் திறந்து வச்சிருந்தோம். பெட்டகம் பின்னாலதான் இருக்கு. எடுத்தான், அலாரப் பெட்டியில ஏதோ கோளாறு பண்ணினான், போயிட்டான். எங்க ஆளுங்க எடுத்திருக்க வழியே இல்லம்மா. ராத்திரி கடையை விட்டுப் போறப்போ ஒவ்வொருத்தரையும் பை, பாக்கெட், சாப்பாட்டு டப்பா வரைக்கும் நானே சோதிச்சுத்தான் அனுப்புவேன். அன்னிக்கும் சோதிச்சேன். நேத்தும் சோதிச்சேன்."

அப்போது பின்பக்கத்திலிருந்து ஒருவர் தட்டில் காப்பிக் கோப்பைகளோடு வந்தார். நாற்பத்தைந்து வயது, மடிப்புக் கலையாத சட்டை, சர்க்கரை தடவிய சிரிப்பு. "நான் ராஜீவ், மேனேஜர். சார் ரொம்ப மனசு உடைஞ்சு போயிட்டார். இந்தப் பழைய அலாரமே வேண்டாம்னு நான்தான் சொன்னேன். அஞ்சு மணிக்கு வேற கம்பெனி ஆளுங்க வந்து புதுசு மாட்டறாங்க. பழைய பெட்டியை நானே எடுத்துட்டுப் போய்ப் போட்டுடறேன், சாருக்கு அந்த அலைச்சல் எதுக்கு."

காப்பி அருமையாக இருந்தது. எனக்கு அவரைப் பிடித்துப் போய்விட்டது. காப்பி கொடுக்கிற யாரையும் எனக்குப் பிடித்துப் போகும். என் துப்பறியும் திறமையில் அது ஒரு பெரிய ஓட்டை.

*

கடையின் பின்னால் ஒரு குறுகிய நடை. ஒரு பக்கம் பெட்டகம், எதிர்ச்சுவரில் சாம்பல் நிற இரும்புப் பெட்டி. அதுதான் அலாரத்தின் மூளை. பக்கத்திலேயே எண்கள் உள்ள கீபேட். இரண்டுக்கும் நெற்றியில் அழகாக ஒவ்வொரு பொட்டு.

மேனுகா கீபேடுக்கு முன்னால் நின்று கைப்பேசியில் படம் எடுத்தாள். ஒரு படம், இரண்டு, மூன்று. வெவ்வேறு கோணத்தில் எட்டுப் படம் எடுத்தாள்.

"பிறந்தநாளா அதுக்கு?" என்று கிசுகிசுத்தேன்.

"கண்ணாடியைப் போட்டுக்கிட்டுப் பாருங்கண்ணே."

போட்டுக்கொண்டு பார்த்தேன். வெள்ளை ரப்பர் பொத்தான்கள். அதில் இரண்டு, நான்கு, ஏழு, ஒன்பது ஆகிய எண்களின் மேல் மட்டும் இலேசான சிவப்பு. குங்குமம். மற்ற எண்களெல்லாம் சுத்தமாக இருந்தன.

"யாமினி, இதை யாரும் துடைக்கலையா?" என்று கேட்டாள் மேனுகா.

"ஐயையோ, பூஜைப் பொட்டை யார் மேம் துடைப்பா? அதுவா அழியிற வரைக்கும் எதையும் தொட மாட்டோம்."

"கடை நம்பர்ல இந்த நாலு எண்ணுல ஏதாவது இருக்கா?"

யாமினி கீபேடைப் பார்த்தாள். "ஒண்ணுகூட இல்ல மேம்."

மேனுகா சல்மாவின் பக்கம் திரும்பினாள். சல்மாவின் முகம் வெளுத்திருந்தது. அவர் மெதுவாகத் தலையை ஆட்டினார். இன்ஜினியர் எண் அதுதான்.

என் மூளைக்குள் விளக்கு எரிந்தது. மேனுகாவை ஓரமாக இழுத்துக்கொண்டு போனேன். "கண்டுபிடிச்சுட்டேன். உமைர் பூஜையில இல்ல, அவர் விரல்ல குங்குமம் இருக்க வாய்ப்பே இல்ல. அந்த நேரத்துல குங்குமத் தட்டோட சுத்தினது யாரோ அவர்தான் நம்பரை அடிச்சிருக்கார். எந்தக் கடையிலயும் முதலாளிதான் பொட்டு வைப்பார். கிழவனே எடுத்துட்டு உமைர் தலையில கட்டறார். காப்புறுதிக்காக."

"போய்க் கேளுங்களேன்" என்றாள் மேனுகா. அந்தக் குரலில் இருந்த இனிப்பை நான் கவனித்திருக்க வேண்டும்.

நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சேதுபதிக்கு முன்னால் போய் நின்றேன். "சார், முந்தாநாள் பூஜையில பொட்டு வச்சது நீங்கதானே?"

"நான் எப்படி வைப்பேன்?" என்றார் அவர். "எங்க அண்ணன் தவறி நாலு மாசம்தான் ஆகுது. இந்த வருஷம் எனக்குப் பண்டிகை கிடையாது. கடையில பூஜை நிக்கக் கூடாதேன்னு இவங்களைச் செய்யச் சொல்லிட்டு நான் வெளியில அஞ்சடி நடைபாதையில நின்னேன். தெருவே பார்த்துச்சு."

நெஞ்சு தானாகப் பழைய நிலைக்கு வந்தது. மேனுகா காப்பியை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது முன்பே தெரியும். முதலாளியின் வெறும் நெற்றியையும், சுவரில் மாலையோடு இருந்த அண்ணன் படத்தையும் உள்ளே நுழையும்போதே பார்த்திருக்கிறாள். என்னைக் கிணற்றில் தள்ளி வேடிக்கை பார்த்தாள், அவ்வளவுதான்.

"அப்போ தட்டைப் பிடிச்சது யார் சார்?" என்று கேட்டாள்.

"ராஜீவ்."

ராஜீவின் சிரிப்பு அப்படியேதான் இருந்தது. "ஆமா மேடம். முன்னாடி எல்லாத்துக்கும் வச்சுட்டு, தீபாராதனை ஆரம்பிச்சப்போ பின்னால வந்து பெட்டகத்துக்கும் இதுக்கும் வச்சேன். அப்போ கீபேட் பீப் அடிச்சுது. நிறுத்தறதுக்காக ஏதோ நம்பரை அமுக்கினேன். விரல்ல குங்குமம் இருந்திருக்கும்."

"ஏதோ நம்பர்."

"ஆமா, சும்மா கை போன பக்கம்."

"பத்து எண் இருக்கு. கை சரியா இன்ஜினியர் நம்பர் பக்கமா போயிருக்கு. டோட்டோ லாட்டரி வாங்குங்க ராஜீவ்" என்றேன் நான். கிணற்றிலிருந்து மேலே வந்தாகிவிட்டது.

"காலையில உமைர் நம்பர் அடிச்சப்போ டார்ச் பிடிச்சது நீங்கதானே?" என்றாள் மேனுகா. "விரல் எங்க போகுதுன்னு வெளிச்சத்துல நல்லாவே தெரிஞ்சிருக்கும்."

இப்போது சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. ஆனால் ஆள் லேசுப்பட்டவர் இல்லை. "சரி மேடம். நம்பர் எனக்குத் தெரியும்னே வச்சுக்குங்க. பீப்பை நிறுத்தினேன். அது திருட்டா? அட்டிகை எங்க? சார் என்னைச் சோதிச்சார். பாக்கெட்டைத் திருப்பிக் காட்டினேன், ஷூவைக் கழட்டிக் காட்டினேன். நான் எடுத்திருந்தா எப்படி வெளிய கொண்டு போயிருப்பேன்?"

"உண்மைதாம்மா" என்றார் சேதுபதி. "ராஜீவ்கிட்ட ஒண்ணும் இல்ல. நானே பார்த்தேன்."

மணி நான்கு நாற்பது. கண்ணாடிக் கதவுக்கு வெளியே ஒரு வேன் வந்து நின்றது. நீலச் சட்டை போட்ட இரண்டு பேர் இறங்கி ஏணியை எடுத்தார்கள். புதுக் கம்பெனி ஆட்கள் சீக்கிரமே வந்துவிட்டார்கள்.

"நான் அவங்களைப் பார்த்துட்டு வரேன் சார்" என்று நகர்ந்தார் ராஜீவ்.

"ஒரு நிமிஷம்" என்றாள் மேனுகா. "சார், இந்தத் தாளைப் பாருங்க. ஏழு இருபத்தொன்பதுக்கு டேம்பர். அதாவது இந்த இரும்புப் பெட்டியோட மூடியை யாரோ திறந்திருக்காங்க. பொட்டு வெளியிலதான் இருக்கு. எதுக்குத் திறக்கணும்?"

"அலாரத்தைக் கெடுக்கத்தான்."

"இன்ஜினியர் நம்பர் கையில இருக்கறவருக்கு அலாரத்தைக் கெடுக்கப் பெட்டியைத் திறக்க வேண்டியதே இல்ல. கீபேட்ல நாலு எண், முடிஞ்சுது. உமைரா இருந்தா அதைத்தான் செஞ்சிருப்பார், டேம்பர்னு ஒரு வரியே இந்தத் தாள்ல வந்திருக்காது. ஆனா இங்க முதல்ல மூடி திறந்திருக்கு. பீப் வந்திருக்கு. முன்னால தீபாராதனை மணி அடிச்சுக்கிட்டு இருந்ததால யாருக்கும் கேக்கல. ரெண்டு நிமிஷத்துல மூடியை மூடிட்டு நம்பரை அடிச்சு ரீசெட் பண்ணியிருக்காங்க. ரீசெட் பண்ணாம விட்டா என்ன ஆகும் அக்கா?"

"ராத்திரி அலாரத்தைப் போட முடியாது" என்றார் சல்மா. "எங்களைக் கூப்பிடுவாங்க. உமைர் வந்து முதல் வேலையா அந்தப் பெட்டியைத்தான் திறப்பார்."

"அதான். அந்தப் பெட்டியை யாரும் திறந்துடக் கூடாதுன்னு ஒருத்தர் நினைச்சிருக்கார்."

சேதுபதியின் கண்கள் மெல்ல அந்தச் சாம்பல் நிறப் பெட்டியை நோக்கித் திரும்பின. என்னுடையதும்தான். நகைக்கடையில் எல்லாரையும் சோதிக்கலாம், எல்லா இழுப்பறையையும் கவிழ்க்கலாம். தொட்டாலே ஊரைக் கூட்டும் என்று எல்லாரும் பயப்படுகிற ஒரு பெட்டியை மட்டும் யாரும் தொட மாட்டார்கள். இவ்வளவு நேரமும் அது கண்ணெதிரே பொட்டு வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

"அன்னிக்கு ஏழு முப்பத்தொண்ணுக்கு அப்புறம் இன்னொரு டேம்பர் இந்தத் தாள்ல இல்ல" என்று தொடர்ந்தாள் மேனுகா. "நேத்தும் இல்ல, இன்னிக்கும் இல்ல. வச்சது வச்சபடி இருக்கு சார். பெரிய பேட்டரி போய்ச் சின்னது வந்ததுல உள்ள நல்ல இடம். நகைப்பெட்டி நுழையாது, அதனாலதான் அதைக் காலியா விட்டுட்டு அட்டிகை மட்டும் வந்திருக்கு. உமைர் மேல பழி விழுந்தா கம்பெனியை மாத்துவீங்க. கம்பெனியை மாத்தினா பழைய பெட்டி குப்பைக்குப் போகும். குப்பையை யாரும் சோதிக்க மாட்டாங்க. அதை எடுத்துட்டுப் போறதாச் சொன்னது யார்னு உங்களுக்கே தெரியும்."

ராஜீவ் கதவுப் பக்கம் பார்த்தார். கதவின் முன்னால் நான் நின்றேன். என் முட்டியால் ஓட முடியாது என்றாலும் நிற்க முடியும். வாசலை அடைத்துக்கொண்டு நிற்கிற அளவுக்கு உடம்பும் இருக்கிறது.

*

சல்மா போய் உமைரை அழைத்து வந்தார். அவர் வாசலில் தயங்கினார். மேனுகா திருப்புளியை அவர் கையில் கொடுத்தாள். அவள் கைப்பேசி எல்லாவற்றையும் படம் பிடிக்க ஆரம்பித்தது.

முதல் திருகாணி. இரண்டாவது திருகாணி. மூடி விலகியதும் கீபேட் பீப் பீப் என்று கத்தத் தொடங்கியது. மஞ்சள் விளக்கு எரிந்தது.

பேட்டரிக்கும் இரும்புச் சுவருக்கும் நடுவில் ஒரு கைக்குட்டை. உமைர் அதைத் தொடவில்லை. தள்ளி நின்று இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டார். சேதுபதியே எடுத்துப் பிரித்தார். அந்த மங்கலான நடையில் அட்டிகை பளீரென்று மின்னியது.

வாடிக்கையாளர்கள் உட்காரும் நாற்காலியில் ராஜீவ் உட்கார்ந்துவிட்டார். "பன்னெண்டு வருஷம் சார்" என்றார். "இந்த ஊர்ல எத்தனை பொண்ணுங்க கழுத்துல போட்டுக் காட்டியிருப்பேன். அடுத்த மாசத்துல இருந்து உங்க மருமகன் மேனேஜர், நான் அவருக்குக் காப்பி வாங்கிட்டு வரணும். சாதாரணமாச் சொல்லிட்டீங்க, நாளைக்குக் கடை லீவுன்னு சொல்ற மாதிரி."

யாமினி போலீசுக்குப் பேசிக்கொண்டிருந்தாள். நீலச் சட்டைக்காரர்கள் ஏணியை மறுபடியும் வேனில் ஏற்றினார்கள். பீப் மட்டும் நிற்காமல் அடித்துக்கொண்டிருந்தது.

"உமைர், அதை முதல்ல நிறுத்துப்பா" என்றார் சேதுபதி, காதைப் பொத்திக்கொண்டு.

உமைர் மூடியைப் பொருத்தினார். இரண்டு திருகாணியையும் நிதானமாக முடுக்கினார். கீபேடுக்கு முன்னால் வந்தவர் எண்ணை அடிக்காமல் நின்றார்.

"நேத்து கடை வாசல்ல வச்சு என்னைத் திருடன்னு சொன்னீங்க சார்."

"தப்புதான்பா. கோபத்துல சொல்லிட்டேன்." அவர் குரல் தணிந்திருந்தது.

"இப்போ சொன்னது எனக்குக் கேட்டுச்சு சார். பக்கத்துப் பூக்கடை அக்காவுக்குக் கேக்கல. ரெண்டு கடை தள்ளி ஜவுளிக்கடையில நான்தான் அலாரம் பார்க்கிறேன், அவங்களுக்கும் கேக்கல. நேத்து அவங்க எல்லாரும்தான் நின்னு பார்த்தாங்க."

பீப் அடித்துக்கொண்டே இருந்தது. சல்மா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மேனுகா அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

சேதுபதி அட்டிகையை யாமினியிடம் கொடுத்துவிட்டுக் கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு வெளியே போனார். அஞ்சடியில் நின்று இரண்டு பக்கமும் பார்த்தார். மல்லிகை தொடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் கை நின்றது. ஜவுளிக்கடையிலிருந்து இரண்டு பேர் எட்டிப் பார்த்தார்கள்.

"உமைர் எடுக்கல" என்றார் சேதுபதி. அது சத்தமாக வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி மறுபடியும் சொன்னார். "என் கடை நகையை உமைர் எடுக்கல. எடுத்தது என் ஆளு. நான்தான் விசாரிக்காம அந்த மனுஷனை அசிங்கமாப் பேசிட்டேன்."

பூக்காரப் பெண் அவரை ஏற இறங்கப் பார்த்தாள். "அதை அவருகிட்டயும் சொல்லுங்கண்ணே" என்றாள்.

உள்ளே உமைர் சட்டைக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். கீபேடின் பக்கம் திரும்பி நான்கு எண்களை அடித்தார். மஞ்சள் விளக்கு அணைந்தது, சத்தம் நின்றது. சேதுபதி கதவைத் திறந்துகொண்டு மறுபடியும் உள்ளே வந்தார், இந்த முறை உமைரைத் தேடி.